ஏரியூர்த் தட்டில் பாறையூர்ச் சாப்பாடு

புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்க முன்னால நின்னு நாலு நல்ல வார்த்தை பேசணும்னு கூப்பிட்டாங்க. நல்ல வார்த்தையெல்லாம் உங்க டிரெயினிங்லயே ஜாஸ்தியா சொல்லியிருப்பாங்க. எந்த ஊரு பின்தங்கின ஊரு, எது முன்னேறின ஊருன்னு கண்டுபிடிக்க இப்ப கம்ப்யூட்டர் இருக்காம். மேல வானத்துலேர்ந்து போட்டோ வேற எடுக்குதாம். தாராளமா எடுக்கட்டும். நான் ஒரு மத்தியான சாப்பாட்டைப் பத்தி மட்டும் சொல்லிட்டு உக்காந்துடறேன். காபி ஆறிடப் போவுது, குடிச்சிக்கிட்டே கேளுங்க.

எழுபதுகள்ல நான் பஞ்சாயத்து யூனியன்ல கிராம சேவிகா. அப்ப நமக்கு ஜில்லா வேலூரு. நீங்க ஃபேன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற இந்த வேங்கிக்கால் பக்கம் அன்னிக்கி முள்ளுதான் இருந்திச்சி, ஆடு மேய்க்கறவங்கதான் வருவாங்க. ஆபீஸு டவுனுக்குள்ள. என் வேலை, ஊர் ஊரா பஸ்ஸுலயும் காலாலயும் போயி மாதர் சங்கம் கூட்டறது. புகையில்லாத அடுப்பு எப்படிப் போடறதுன்னு சொல்லித் தருவேன். பொம்பளைங்க கைதட்டி சிரிச்சி கேட்டுட்டு, நான் தலை மறைஞ்சதும் பழைய அடுப்பையே மூட்டுவாங்க. எனக்குக் கோவமே வராது. அவங்க வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் போக எனக்கு உரிமை இருந்திச்சே, எந்தப் பெரிய ஆபீசருக்கும் கிடைக்காத உரிமை அது.

அந்த வருஷம் மழை நம்பள நல்லா ஏமாத்திடுச்சி. பாறையத் தொளச்சி போர் போடற லாரி ஒண்ணு வந்து எங்க ஆபீசுக்குப் பின்னால நின்னுது. ரொம்ப பின்தங்கின ஊரு எதுன்னு பாத்து, அதுக்கு முதல்ல போரிங் பம்பு, அப்புறம் ரோடு, பள்ளிக்கூடக் கட்டடம்னு குடுக்கச் சொல்லி உத்தரவு. கீழ்பென்னாத்தூர் ரோட்டுப் பக்கம் ரெண்டு ஊருக்காரங்க மனு போட்டிருந்தாங்க. அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு ஊருதான்னு சொல்லிட்டாங்க.

அந்த ஊருங்களோட நெஜப் பேர நான் சொல்ல மாட்டேன். பேரன் பேத்தியெல்லாம் இன்னும் அங்கதான் இருக்காங்க, யாராச்சும் இங்கயே உக்காந்திருந்தாலும் இருப்பீங்க. நானே பேரு வெச்சிக்கறேன். ஒண்ணு ஏரியூரு. ஏரி, பம்புசெட்டு, நெல்லு, மணிலாக்கொட்டை எல்லாம் உண்டு. இன்னொண்ணு பாறையூரு. அங்க பாறை உண்டு, அவ்ளோதான்.

பாறையூர்க் கெணறு பங்குனியிலயே காஞ்சிடும். அதுக்கப்புறம் பொம்பளைங்க குடத்த எடுத்துக்கிட்டு ஏரியூருக்கு நடக்கணும். அங்க பம்புசெட்டு ஓடற நேரம் பாத்து, வரப்பு மேல வரிசையா நிப்பாங்க. சொந்தக்காரன் "புடிச்சிக்கங்க"ன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. என்ன கிண்டல் பண்ணாலும் சிரிச்சி வெக்கணும். அந்தச் சிரிப்ப நான் பாத்திருக்கேன், இன்னிக்கும் நெனச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

பாறையூர் மாதர் சங்கத்துக்குத் தலைவி அஞ்சலை. புருஷன் கல்லு ஒடைக்கப் போறவரு. முந்தின வருஷம் அந்த வரப்புல குடத்தோட வழுக்கி விழுந்து அவளுக்கு வயித்துல இருந்தது கலைஞ்சி போச்சு. இப்ப மறுபடி மாசமா இருந்தா. "தண்ணி தூக்காதே, இதுவும் நிக்காது"ன்னு நர்ஸம்மா சொல்லி அனுப்பிச்சிட்டாங்க. "தூக்காதேன்னு சொல்லிட்டாங்கம்மா, வேற யாரு தூக்கறதுன்னு சொல்லலியே"ன்னு என்கிட்ட சிரிச்சிக்கினே கேட்டா. எனக்கு அந்த லாரி பாறையூருக்குப் போயே ஆவணும். அவ்ளோதான் என் கணக்கு.

முடிவு பண்றதுக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆபீசர் வந்தாரு. காலையில கோயிலுக்குப் போயிட்டு நெத்தி நெறைய விபூதியோட ஜீப்புல ஏறினாரு. நல்ல மனுஷன், கை சுத்தம். ஜீப்பு கெளம்பினதுமே என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சட்டம் போட்டாரு.

"இந்தாங்கம்மா, உள்ளூர் ஸ்டாஃபுக்கு ஒவ்வொரு ஊரு மேல ஒரு பாசம் இருக்கும். நீங்க வழி மட்டும் காட்டுங்க. எந்த ஊரைப் பத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. என் கண்ணு என்ன பாக்குதோ அதைத்தான் என் கை எழுதும்."

ஜீப்பு ஓட்டின காதர் பாய் கண்ணாடி வழியா என்னைப் பாத்து மீசைக்குள்ள சிரிச்சாரு. நான் வாய மூடிக்கிட்டேன். சட்டம் என்னமோ நியாயமான சட்டம்தான். அவரு கண்ணுக்கு எதைக் காட்டறதுன்னு ஊர்க்காரங்க தீர்மானம் பண்ணிடுவாங்களேங்கறதுதான் எனக்குக் கவலை. முந்தின நாளே ரெண்டு ஊர்லயும் தமுக்கு அடிச்சி சொல்லியாச்சு, ஆபீசர் வராருன்னு. கஷ்டத்தைப் பாக்கப் போறவங்க தமுக்கு அடிச்சிட்டுப் போகாதீங்க பிள்ளைங்களா. இதை மட்டும் எழுதி வெச்சிக்கங்க.

முதல்ல ஏரியூரு. பஞ்சாயத்துத் தலைவர் ரங்கசாமி வந்து நின்னாரு பாருங்க, எனக்கே அடையாளம் தெரியல! எப்பவும் சலவை வேட்டி, தங்கப் பட்டை வாட்ச்சு, ஜவ்வாது வாசனையோட இருக்கிற மனுஷன். அன்னிக்கி முட்டி வரைக்கும் கிழிஞ்ச வேட்டி, தோள்ல ஒரு கந்தல் துண்டு. போதாததுக்கு இருமல் வேற. பம்புசெட்டு ரூமையெல்லாம் கீத்து வெச்சி மூடி மாட்டுக் கொட்டாய் மாதிரி ஆக்கிட்டாங்க. வீட்டுக்குள்ள போனா ஒரு நாற்காலி இல்ல, ஒரு அண்டா இல்ல. தலைவர் வீட்டம்மா மூக்குத்தியக் கூட கழட்டிட்டாங்க. பாவம், அந்தம்மாவுக்கு அழுகை நெஜமாவே வந்திச்சி, மூக்குத்திய நெனச்சி.

"ஒரு வாய் மோரு குடுக்கக் கூட வழியில்லீங்க ஐயா"ன்னாரு தலைவரு. இருமினாரு.

அந்த வருஷம் பொங்கலுக்குத்தான் அவரு வாங்கின டிராக்டருக்குப் பூசணிக்கா ஒடைச்சாங்க. அந்த டிராக்டர் எங்க? நான் நாலு பக்கமும் தேடறேன், காணோம். வைக்கப்போருக்குள்ள வெச்சி மூடிட்டாங்களோன்னு கூட பாத்தேன். "ஐயா..."ன்னு ஆரம்பிச்சேன். ஆபீசர் ஒரு வெரலத் தூக்கினாரு. சட்டம்!

ஜீப்புல ஏறினதும் மனுஷன் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "என்ன வறுமை, என்ன வறுமை! அந்தத் தலைவருக்கு ஆஸ்பத்திரிக்காவது ஏற்பாடு பண்ணணும்"னு சொன்னாரு. காதர் பாய்க்கு அப்ப வந்த இருமல் மட்டும் நெஜம், சிரிப்ப அடக்கி வந்த இருமல்.

அடுத்தது பாறையூரு. ஊர் எல்லையிலயே மேளம் கேட்டிச்சி. வளைவுல திரும்பினா பந்தல், ரெண்டு பக்கமும் குலை தள்ளின வாழை மரம், வரிசையா நாற்காலி. பன்னீர் தெளிக்க ஒரு பொண்ணு, சந்தனம் நீட்ட ஒரு பொண்ணு. பந்தலுக்குப் பின்னால புளியமரத்து நெழல்ல, ஐயோ, அந்த டிராக்டர்! மாலை போட்டு, பொட்டு வெச்சி நிக்குது.

ஆபீசர் நாற்காலியில உக்காந்தாரு. சுத்தி முத்தி பாத்தாரு. என் காதுகிட்ட குனிஞ்சி சொன்னாரு: "இந்த ஊரா மனு போட்டிருக்குது? வெக்கமா இல்ல? சாப்பாடு ஆனதும் எழுதிக் குடுத்துடறேன். லாரி இன்னிக்கே ஏரியூருக்குப் போகட்டும்."

நான் நேரா சமையல் நடக்கிற எடத்துக்குப் போனேன். அஞ்சலை வேர்த்து விறுவிறுத்து வடை போட்டுக்கிட்டிருந்தா. என்னைப் பாத்ததும் முகமெல்லாம் பல்லு.

"எப்படிம்மா நம்ம ஏற்பாடு?"

"அடிப்பாவி! உள்ளத உள்ளபடி காட்டுன்னு தலையில அடிச்சிக்கிட்டேனே! என்னடி இது?"

"என்னம்மா பேசறீங்க? எங்க ஊருக்கு இதுவரைக்கும் ஒரு ஆபீசர் வந்திருக்கறாரா? வந்தவர தரையில உக்கார வெச்சி கூழு ஊத்தி அனுப்பினா, நாளைக்கி ஊரு என்னா பேசும்? இல்லன்னாலும் வெளியில வாங்கிப் போட்டாவது செய்யணுமில்ல?"

"யாருகிட்டடி வாங்கின, இத்தனையும்?"

"ஏரியூர்த் தலைவருதாம்மா! விடியக்காலையில அவரே டிராக்டர்ல ஏத்திக்கினு வந்தாரு. நாற்காலி, அண்டா, தட்டு, அரிசி, வாழை மரம் மொத்தமும். ‘உங்க ஊரு மானம் எங்க ஊரு மானம், டிராக்டரும் இங்கயே நிக்கட்டும்’னு சொல்லிட்டுப் போனாரு. எவ்ளோ நல்ல மனசு பாத்தீங்களா?"

அடேங்கப்பா, என்னா மூளை! தன் வீட்டுச் செல்வத்த ஒளிச்சி வெக்க எடம் வேணும். அதை எங்க ஒளிச்சி வெச்சா எதிரிக்குக் கேடு வருமோ அங்க கொண்டாந்து வெச்சிட்டாரு. கோவத்த மீறி எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதையே வந்திடுச்சி.

இப்ப என்ன பண்றது? போயி ஆபீசர்கிட்ட சொன்னா, முதல்ல எனக்குப் பேசவே அனுமதியில்ல. பேசினாலும், "இவங்க எரவல் வாங்கி ஏமாத்தறாங்க, அவங்க ஒளிச்சி வெச்சி ஏமாத்தறாங்க, ரெண்டு ஊரும் வேணாம்"னு அடிச்சிடுவாரு. கை சுத்தமான ஆபீசருங்க அப்படித்தான், கோவம் வந்தா ரெண்டு பக்கமும் வெட்டுவாங்க. மேளம் வெச்சிக் கூப்பிட்ட சனங்களுக்கு விருந்தாளி முன்னால தலைகுனிவு வேற. அஞ்சலை மாவு கையால இடுப்பப் புடிச்சிக்கிட்டு நின்னா. அவ வயித்தப் பாத்தேன். லாரி போயிடுச்சின்னா நாளைக்கிக் காலையில மறுபடி குடத்தோட அந்த வரப்புதான். யோசிக்க நேரமில்ல.

அப்பதான் கழுவிக் கவுத்து வெச்சிருந்த எவர்சில்வர் தட்டு ஒண்ணைத் தற்செயலாத் திருப்பினேன். நம்ம பக்கத்துல பாத்திரத்துல பேரு வெட்டற வழக்கம் உங்களுக்குத் தெரியும். மத்தவங்க விளிம்புலயோ அடியிலயோ பொடிசா வெட்டுவாங்க. ரங்கசாமிக்கு அது போதுமா? சாப்பிடறவன் பாத்துக்கிட்டே சாப்பிடணும்னு தட்டு நட்ட நடுவுல புள்ளி புள்ளியா, கொட்டை எழுத்துல வெட்டியிருந்தாரு: "ஏரியூர் தலைவர் ரங்கசாமி இல்லத் திருமணம்."

எனக்குச் சாமி வந்த மாதிரி ஆயிடுச்சி. "அஞ்சலை, ஐயாவுக்கு வாழை இலை வேணாம், தட்டுல போடு. மெட்ராஸ்காரரு, இலையில சாம்பார் ஓடினா புடிக்கத் தெரியாது."

பந்தலுக்குப் போயி பாத்தா, அதுக்குள்ள தட்டு போட்டு சோறும் குவிச்சிட்டாங்க. பேரு சோத்துக்கு அடியில போயிடுச்சி. பரவாயில்ல, சாப்பிட்டா வெளிய வரும்னு பக்கத்துல நின்னேன். ஆபீசர் பசியில நல்லா சாப்பிட்டாரு. சாம்பார் சோறு கொறைய கொறைய ஓரமா "ஏரி"ன்னு தெரிஞ்சது. "யூ"வும் வந்திச்சி. அடுத்த கரண்டி சோறு பொத்துனு வந்து விழுந்திச்சி! அஞ்சலை.

"போதும்மா, போதும்"னாரு ஆபீசர்.

"என்னாங்க ஐயா, கோழி கொறிக்கற மாதிரி சாப்பிடறீங்க!"ன்னு ரசத்த ஊத்தினா.

மறுபடி தின்னாரு. இந்தத் தடவை அந்தப் பக்கத்துலேர்ந்து "மணம்" தெரிஞ்சிச்சி. இன்னொருத்தி ஓடியாந்து வடை ரெண்டு வெச்சி அதையும் மூடினா. விருந்தோம்பல் மேல எனக்கு வாழ்க்கையில வெறுப்பு வந்தது அன்னிக்கி ஒரு நாள்தான். பாயசத்தோட மூணாவது ஒருத்தி கெளம்பினா. நான் குறுக்க பாஞ்சி கரண்டியோட அவ கையப் புடிச்சிட்டேன்.

"போடாத!"

பந்தலே என்னைத் திரும்பிப் பாத்திச்சி. மேளக்காரரு கூட நிறுத்திட்டாரு. "ஐயாவுக்குச் சக்கரை இருக்குது"ன்னு வாய்க்கு வந்தத அடிச்சி விட்டேன். அஞ்சலை என்னைப் பாத்த பார்வை இருக்கே, பெத்தவள அடிச்சிட்ட மாதிரி. ஆபீசருக்குச் சக்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னையே ஒரு நிமிஷம் மொறைச்சாரு. அப்புறம், இவளோட எதுக்கு வம்புன்னு குனிஞ்சி மிச்சத்த வழிச்சி சாப்பிட்டாரு.

வழிச்ச வெரலு அப்படியே நின்னுது.

ஒவ்வொரு எழுத்தா படிச்சாரு. பக்கத்துல இருந்த டம்ளரத் தூக்கிப் பாத்தாரு, அதுலயும் ரங்கசாமி. எழுந்து தான் உக்காந்திருந்த நாற்காலிக்கு முதுகுப் பக்கம் போனாரு, பெயிண்டுல ரங்கசாமி. டிராக்டரப் பாத்தாரு. கிட்ட போகாமயே புரிஞ்சிக்கிட்டாரு, கெட்டிக்காரரு. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி பந்தல்ல கட்டியிருந்த மாவிலையப் பாத்துக்கிட்டிருந்தேன்.

"யாரும்மா இந்த ரங்கசாமி?"

"வாயத் தொறக்கலாங்களா ஐயா?"

"தொறந்து தொலைங்க!"

"காலையில இருமினாருங்களே, அவருதாங்க."

ஆபீசர் கைய கழுவினாரு. நான் பயந்த மாதிரி கத்தல. அஞ்சலையக் கூப்பிட்டு, "உன் வீட்டுத் தட்டு எதும்மா? அதைக் கொண்டா"ன்னாரு. அவ தயங்கித் தயங்கி நெளிஞ்சி போன அலுமினியத் தட்டு ஒண்ணக் கொண்டாந்தா. வெக்கத்துல முந்தானையால பாதி மறைச்சிக்கிட்டா. "உன் வீட்டப் பாக்கலாமா?"ன்னு கேட்டாரு. போயி பாத்தாரு. கெணத்த எட்டிப் பாத்தாரு, அடியில ஒரு ஆடு படுத்துக்கலாம், அவ்ளோ காஞ்சி கெடந்திச்சி. "தண்ணிக்கு என்ன பண்றே?"ன்னாரு. அவ சொன்னா. வரப்பச் சொன்னா, போன வருஷம் விழுந்தத சொன்னா. அழாம சொன்னா. அவருதான் கண்ணாடியக் கழட்டினாரு.

திரும்பி வந்ததும் மனுஷன் மொகத்துல ஒரு குறும்பு வந்திச்சி பாருங்க, அந்த ஆளுகிட்ட அது இருக்கும்னு நான் கனவுலயும் நெனைக்கல. "காதர் பாய், உங்களுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமா?"

"பேஷா ஓட்டுவேன் சார்."

"ஏத்துங்க எல்லாத்தையும். எரவல் வாங்கினத நாமளே கொண்டு போயி குடுத்துடலாம். மேளக்காரரே, நீங்களும் வாங்க."

அண்டா, நாற்காலி, தட்டு எல்லாத்தையும் டிரெயிலர்ல ஏத்தி, நடுவுல ஒரு நாற்காலியப் போட்டு ஆபீசர் உக்காந்துக்கிட்டாரு. நான் அண்டாவப் புடிச்சிக்கிட்டு உக்காந்தேன். மேளம் முழங்க ஏரியூருக்குள்ள போறோம். சாமி ஊர்வலத்துக்குக் கூட அவ்ளோ கூட்டம் வந்திருக்காது.

ரங்கசாமி இன்னும் அந்தக் கிழிஞ்ச வேட்டியோடதான் இருந்தாரு. டிராக்டரப் பாத்ததும் அவருக்கு இருமல் மறந்து போச்சு.

"தலைவரே, உங்க சாமானுங்க"ன்னாரு ஆபீசர்.

"எங்கள்து இல்லீங்க ஐயா. எங்களுக்கு ஏதுங்க இதெல்லாம்?"

"அப்படிங்களா? உங்க பேரு போட்டிருந்திச்சே. வேற யாரோ ரங்கசாமி போல. சரி, சொந்தக்காரங்க இல்லாத சாமானு. டிராக்டரோட பாறையூர் மாதர் சங்கத்துக்கே சேத்து எழுதிடறேன். பாய், வண்டியத் திருப்புங்க."

காதர் பாய் கியரப் போட்டாரு. டிராக்டர் உறுமிச்சி. ரங்கசாமி வாயத் தொறக்கறாரு, மூடறாரு. வாயத் தொறந்தா லாரி போச்சு, மூடினா டிராக்டர் போச்சு. அவரு முடிவு பண்றதுக்குள்ள வீட்டுக்குள்ளேர்ந்து அந்தம்மா தலைமுடி அவுந்து ஓடியாந்தாங்க. "ஐயோ, எங்கம்மா வீட்டுச் சீரு!"ன்னு டிரெயிலர் மேல ஏறி அண்டாவக் கட்டிப் புடிச்சிக்கிட்டாங்க. ஒரு பக்கம் அந்தம்மா, இன்னொரு பக்கம் நான். ஊரே கொல்லுனு சிரிச்சிச்சி. கடைசியில ரங்கசாமியும் சிரிச்சிட்டாரு, வேற என்ன பண்ணுவாரு?

லாரி மறுநாளே பாறையூருக்குப் போச்சு. ஆபீசர் ஊருக்குக் கெளம்பறப்ப, "உங்கள வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன், கையக் கட்டச் சொல்ல மறந்துட்டேன்"ன்னாரு. அதைப் பாராட்டுன்னே எடுத்துக்கிட்டேன். நீங்களும் கேட்டுக்கங்க. மேல இருக்கறவங்களுக்கு நீங்க போயி உண்மையச் சொன்னா, அது உங்க கருத்துன்னு ஓரமா வெச்சிடுவாங்க. அவங்களே கண்டுபிடிச்சாங்கன்னா தோள்ல தூக்கிக்கிட்டுப் போவாங்க. அவங்க கண்டுபிடிக்கற எடத்துல அவங்கள உக்கார வெக்கறதுதான் நம்ம வேலை.

அதுக்கப்புறம் எனக்கு வேற பக்கம் வேலை போட்டுட்டாங்க. கார்த்திகைத் தீபக் கூட்டமெல்லாம் ஓஞ்ச பெறகு ஒரு நாளுதான் பாறையூர்ப் பக்கம் போக முடிஞ்சது. ஊருக்குள்ள நுழையறப்பவே சத்தம். என்னமோ ஏதோன்னு ஓடினேன்.

போரிங் பம்பச் சுத்தி பொம்பளைங்க சண்டை. என்னா சண்டை! "எங்கொடத்த நகத்தினது எவடி?" "நீ முந்தி வந்தியா, நான் முந்தி வந்தேனா?" "ஏண்டி, இது என்னா உங்கப்பன் வீட்டுப் பம்பா?" வாயும் கையும் பறக்குது. அவங்கள்ல பாதிப்பேர அந்த வரப்பு மேல நான் பாத்திருக்கேன், கைய கட்டி, குரல அடக்கி, யாரோ சொல்றதுக்குச் சிரிச்சிக்கிட்டு. இவங்களுக்கு இவ்ளோ பெரிய தொண்டை இருக்குதுன்னு எனக்கு அன்னிக்கித்தான் தெரியும்.

எல்லாரையும் விட ஒசத்திக் கத்திக்கிட்டிருந்தது அஞ்சலை. இடுப்புல குழந்தை, கொழுகொழுன்னு. அம்மா போடற சத்தத்துக்கு அது பாட்டுக்குத் தூங்கிக்கிட்டிருந்திச்சி. என்னைக் கண்டதும் ஒரு கையத் தூக்கிக் காட்டினா.

"வாங்கம்மா, அப்படி உக்காருங்க. இவளுக்கு ரெண்டு பதிலு சொல்லிட்டு வந்துடறேன்."

நான் உக்காந்தேன். ஆபீசுக்குத் திரும்பற பஸ்ஸு ஒண்ணு போச்சு, போகட்டும்னு விட்டுட்டேன்.